குனோங் ராபாட்டில் குடித்தனமும் காரும்

இந்த அத்தியாயம், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை அனுமதியோடு ஈப்போவுக்கு வந்து, குனோங் ராபாட்டில் வீடு பார்க்கும் குடும்பத்துக்கானது. சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் கெக் லோக் தோங் குகைக் கோயிலுக்கும் பக்கத்தில், முன்பு கோப்பெங் சாலை என்று அழைக்கப்பட்ட ராஜா டாக்டர் நஸ்ரின் ஷா சாலையை ஒட்டி இந்தப் பகுதி இருக்கிறது. ரப்பர் தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள தமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) வாழ்கின்றன. அதனால் அக்கம்பக்கத்தில் தமிழ்ப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் வீடு ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், வேலை இன்னொரு பக்கம் என்று அமைந்துவிடுவதால், வந்த சில வாரங்களிலேயே கார் வாங்கும் பேச்சு எழும்.

அவசரப்பட வேண்டாம். முதலில் குடித்தனச் செலவை நிலைப்படுத்துங்கள், அடுத்து உரிமம் எடுங்கள், அதன் பிறகு கார் வாங்குங்கள். இந்த வரிசை மாறும்போதுதான் பணம் கரைகிறது.

## தொடங்கும் முன்: ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

உங்கள் கடப்பிதழில் உள்ள வேலை அனுமதி எந்த நாளில் முடிகிறது? அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டு ஒப்பந்தம், கார்க் கடன், காரை விற்கும் காலம் மூன்றும் அந்தத் தேதிக்குள் அடங்க வேண்டும். அனுமதி புதுப்பிக்கப்படும் என்ற நம்பிக்கையில் அதைத் தாண்டிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கார் பற்றிய பகுதி, தொழில்முறை வேலை அனுமதி உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தோட்டம், தொழிற்சாலை, கட்டுமானம் போன்ற துறைகளுக்கான தற்காலிக வேலை அனுமதி பெற்றவர்கள், பணம் எதுவும் கட்டும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜேபிஜே) தங்களுக்கு உரிமம் கிடைக்குமா என்று கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

## பகுதி 1: குடித்தனச் செலவு

### வீட்டு வாடகை

1. மூன்றரை மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடுங்கள். பொதுவான வழக்கம்: 2 மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர், மின்சாரத்துக்காக அரை மாத வாடகை, முதல் மாத வாடகை முன்கூட்டியே. 1,000 வெள்ளி (ரிங்கிட்) வாடகை வீட்டுக்கு 3,500 வெள்ளி வேண்டும்.
2. எழுத்து ஒப்பந்தம் கேளுங்கள். அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தம் தகராறு வரும்போது கைகொடுக்காது.
3. வேலை பறிபோனாலோ அனுமதி நீட்டிக்கப்படாவிட்டாலோ, இத்தனை மாத முன்னறிவிப்போடு வெளியேறலாம் என்ற விதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் வைப்புத்தொகையை மறந்துவிட வேண்டியதுதான்.
4. சாவி வாங்கும் நாளில் மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களையும் சுவர், கூரை, குழாய் நிலையையும் படமெடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள்.

மதிப்பீட்டு வரியும் நில வரியும் வீட்டுக்காரர் கட்ட வேண்டியவை. ஒப்பந்தத்தில் அவற்றை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

### மின்சாரம், தண்ணீர், எரிவாயு

மின்சாரம் தெனாகா நேஷனல், தண்ணீர் பேராக் தண்ணீர் வாரியம். தண்ணீர்க் கட்டணம் பெரிய சுமையாக இராது. மின்கட்டணத்தை ஏற்றுவது குளிர்சாதனம்தான். இரவில் ஓர் அறையில் மட்டும், 25 அல்லது 26 பாகையில் ஓடவிடுங்கள். முதல் மூன்று மாதப் பட்டியல்களை ஒப்பிட்டால் உங்கள் வீட்டின் வழக்கமான அளவு தெரிந்துவிடும்.

சமையல் எரிவாயு மானிய விலையில் கிடைக்கிறது. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கூலி தனி.

### சமையலும் கடைச் சாப்பாடும்

- உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டைக்கு 26 வெள்ளி என்பது கட்டுப்பாட்டு விலை. பொன்னி, இட்லி அரிசி போன்றவை இறக்குமதி என்பதால் விலை கூடும். தினசரிச் சோற்றுக்கு உள்நாட்டு அரிசி, இட்லி தோசைக்கு மட்டும் இறக்குமதி அரிசி என்று பிரித்தால் மாதச் செலவு தெளிவாகக் குறையும்.
- 1 கிலோ பொட்டல எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. இந்த மானியம் குடிமக்களுக்கானது. நீங்கள் போத்தல் எண்ணெய் விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.
- காய்கறியில் ஈப்போ கொடுத்துவைத்த ஊர். கேமரன் மலைக் காய்கறிகள் சிம்பாங் பூலாய் சாலை வழியாக இறங்குகின்றன. பேரங்காடியைவிடக் காலைச் சந்தையிலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் வாங்குங்கள்.
- பருப்பு, மசாலை, பூ, பூசைச் சாமான்களுக்கு லகாட் சாலையில் உள்ள லிட்டில் இந்தியாவுக்கு மாதம் ஒருமுறை போய்வந்தால் போதும்.
- ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மலிவுதான். ஆனாலும் குடும்பமே தினமும் இரண்டு வேளை வெளியில் சாப்பிட்டால், அந்தத் தொகை வாடகையை எட்டிவிடும். செலவை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

### மருத்துவம்

அரசு மருந்தகத்தில் குடிமக்கள் 1 வெள்ளி கொடுத்துப் பார்த்துக்கொள்வதைக் காண்பீர்கள். அந்தச் சலுகை வெளிநாட்டவருக்கு இல்லை. ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குரிய கட்டணம்தான். எனவே வேலை ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்புறுதி உங்களுக்கு மட்டுமா, மனைவி மக்களுக்கும் சேர்த்தா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். சேர்க்கப்படவில்லை என்றால் நீங்களே எடுக்க வேண்டிய முதல் காப்புறுதி அதுதான். கார்க் காப்புறுதி அதற்குப் பிறகு.

### சம்பளத்தில் பிடித்தம்

- ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால், பொதுவாக உங்கள் சம்பளத்துக்கு 30 விழுக்காடு வரி. ஆண்டின் பிற்பாதியில் வந்து சேருபவர்கள் இதைக் கணக்கில் கொள்ளாமல் கடன் எடுக்கக் கூடாது.
- 2025 அக்டோபர் சம்பளம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம். உங்கள் பங்கு 2 விழுக்காடு, முதலாளியின் பங்கு 2 விழுக்காடு.

குறிப்பு: இந்தப் பகுதியின் செலவுகளை எல்லாம் கழித்த பிறகு, ஊருக்கு அனுப்பும் பணத்தையும் கழியுங்கள். மீதி நிற்பதே காருக்கான பணம்.

## பகுதி 2: கார் தேவையா?

மூன்று மாதம் கார் இல்லாமல் இருந்து பாருங்கள். கோலாலம்பூர் போக ஈப்போ நிலையத்திலிருந்து மின்ரயில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். உள்ளூரில் பேருந்து குறைவு. கிராப் வாடகைக் கார் எளிதாகக் கிடைக்கும். மூன்று மாதக் கிராப் செலவைக் கூட்டி மூன்றால் வகுங்கள். பகுதி 5 இல் வரும் கார்ச் செலவைவிட அது குறைவாக இருந்தால் கார் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள், இரவு வேலை, வயதான பெற்றோர் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்கூட பெரும்பாலும் கார்தான் வெல்லும்.

## பகுதி 3: உரிமம்

இங்கும் இடப்பக்கம் ஓட்டுவதுதான் வழக்கம் என்பதால் கை பழகிவிடும். சட்டப்படியான தகுதி வேறு விஷயம்.

1. ஊரை விட்டுப் புறப்படும் முன்பே அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்கள். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் இந்த அனுமதி அதிகபட்சம் 1 ஆண்டு செல்லும். மூல உரிமமும் கூடவே இருக்க வேண்டும். தொடக்க காலத்துக்கு மட்டும் இதை நம்புங்கள்.
2. இந்திய, இலங்கை உரிமத்தைக் கொடுத்தால் மலேசிய உரிமமாக மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். நீண்டகாலம் தங்குவோர் வாகனமோட்டும் பள்ளியில் சேர்ந்து முறைப்படி உரிமம் எடுப்பதே பாதுகாப்பு.
3. பள்ளியில் முதலில் பாட வகுப்பு. அடுத்து 50 கேள்விகள் கொண்ட கணினித் தேர்வு. தேர்ச்சிக்கு 42 சரியாக இருக்க வேண்டும். பிறகு எல் உரிமம், பயிற்சி, இலாகாவின் தேர்வு. தேர்வில் மேட்டில் நிறுத்தி எடுத்தல், வண்டி நிறுத்துதல், மும்முனைத் திருப்பம் ஆகியவையும் சாலை ஓட்டமும் உண்டு.
4. தேர்ச்சி பெற்றால் 2 ஆண்டுக்குப் பி (தகுதிகாண்) உரிமம். முன்னும் பின்னும் பி ஒட்டி ஓட்ட வேண்டும். அதன் பின் முழு உரிமம்.

எச்சரிக்கை: தேர்வு இல்லாமல் உரிமம் எடுத்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி வாங்கிய 'கோப்பி ஓ' உரிமம் பிடிபட்டால் உங்கள் வேலை அனுமதிக்கும் ஆபத்து. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும்.

## பகுதி 4: கார் வாங்குதல்

### எந்தக் கார்?

திரும்பிப் போகும்போது எளிதில் விற்கும் காரை வாங்குங்கள். பெரோடுவா மைவி, ஆக்சியா, பெசா, புரோட்டோன் சாகா ஆகியவற்றுக்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். பட்டறைக்காரர் எல்லாருக்கும் பழக்கம். புரோட்டோனின் தஞ்சோங் மாலிம் தொழிற்சாலை இந்தப் பேராக் மாநிலத்திலேயே இருக்கிறது. இறக்குமதிக் கார்களுக்குத் தீர்வை அதிகம். பழையதாக மலிவு விலையில் கிடைத்தாலும் உதிரிபாகச் செலவு விடாது.

சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. மேற்கு மலேசியாவில் தனியார் காருக்கு ஆண்டு வரி இப்படி:

- 1,000 சி.சி. வரை: 20 வெள்ளி
- 1,001 முதல் 1,200 வரை: 55 வெள்ளி
- 1,201 முதல் 1,400 வரை: 70 வெள்ளி
- 1,401 முதல் 1,600 வரை: 90 வெள்ளி
- 1,601 முதல் 1,800 வரை: 200 வெள்ளி, அதோடு 1,600 ஐத் தாண்டும் ஒவ்வொரு சி.சி.க்கும் 40 காசு
- 1,801 முதல் 2,000 வரை: 280 வெள்ளி, அதோடு 1,800 ஐத் தாண்டும் ஒவ்வொரு சி.சி.க்கும் 50 காசு

1,998 சி.சி. காருக்கு 379 வெள்ளி ஆகிறது. 1,600 ஐத் தாண்டாதீர்கள். காப்புறுதி, டயர், பெட்ரோல் எல்லாம் அந்த எல்லைக்குப் பிறகு சேர்ந்தே ஏறும்.

### பழைய கார் வாங்கும் படிகள்

1. காரைப் பகலில், மழையில்லாத நேரத்தில் பாருங்கள். கதவு ரப்பருக்கு அடியில், இருக்கைத் தண்டவாளத்தில், பின்பெட்டித் தரையில் துருவோ சேறோ இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். விட்டுவிடுங்கள்.
2. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பழைய டயர் என்றால் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.
3. விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பல காலம் இங்கே வாழும் அண்டைவீட்டாரிடம் கேட்டால் நாணயமான பட்டறையைச் சொல்வார்கள்.
4. வாகன உரிமைச் சான்றை (ஊரார் பேச்சில் 'கிரான்') மூலப்படியாகப் பாருங்கள். அதிலுள்ள சட்டக எண்ணும் இயந்திர எண்ணும் காரில் உள்ளவையும் ஒன்றா என்று சரிபாருங்கள்.
5. காவல்துறை, ஜேபிஜே சம்மன்கள் (அபராதங்கள்) பாக்கி உண்டா, கார் கறுப்புப் பட்டியலில் உள்ளதா என்று விற்பவரை உங்கள் கண்முன்னேயே செயலியில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.
6. வங்கிக் கடன் இருந்தால் அது தீர்ந்து, வங்கியின் உரிமைக் கோரல் நீக்கப்பட்ட ஆதாரம் வேண்டும்.
7. பெயர் மாற்றத்துக்கான வாகனப் பரிசோதனையை (பி5) விற்பவர் முடித்துத் தரட்டும். கடனில் வாங்கினால் பி7 பரிசோதனையும் உண்டு.
8. உங்கள் பெயரில் காப்புறுதி எடுங்கள்.
9. கடப்பிதழ், வேலை அனுமதி, உரிமம் ஆகியவற்றின் மூலப்படியோடு, விற்பவரையும் அழைத்துக்கொண்டு ஜேபிஜே முகப்புக்குச் சென்று பெயர் மாற்றுங்கள். காருக்கான பெயர் மாற்றக் கட்டணம் 100 வெள்ளி.
10. பெயர் மாறிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். அதுவரை கொடுக்கும் முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

### கடன்

குடிமக்களுக்கு 9 ஆண்டு வரை கார்க் கடன் கிடைக்கும். வெளிநாட்டவரிடம் வங்கிகள் கூடுதல் முன்பணம், உள்ளூர் ஜாமீன்தாரர், அனுமதிக் காலத்துக்குள் முடியும் தவணை ஆகியவற்றைக் கேட்பது வழக்கம். முழுத் தொகைக்கும் நிலையான வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா என்று கேளுங்கள். 40,000 வெள்ளிக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி என்றால், 5 ஆண்டில் வட்டி 7,000 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 783 வெள்ளி. பாதியில் அடைத்தால் எவ்வளவு மிச்சம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தவரை கடனில்லாமல், கைப்பணத்துக்கு அடங்கும் காரை வாங்குவதே உங்களுக்கு நல்லது.

கடும் எச்சரிக்கை: 'சம்போங் பாயார்' என்று ஒரு பேரம் வரும். காரை எடுத்துக்கொள்ளுங்கள், என் தவணையை நீங்கள் தொடர்ந்து கட்டுங்கள், பெயர் மாற்ற வேண்டாம் என்பார்கள். இது சட்டத்துக்கு விரோதம். நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் கார் உங்களுடையது ஆகாது. வங்கி இழுத்துக்கொண்டு போனால் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

### காப்புறுதி

காப்புறுதி இல்லாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. மூன்றாம் தரப்புக் காப்பு அடுத்தவருக்கு நேரும் இழப்பை மட்டுமே ஏற்கும். பயன்பாட்டில் உள்ள குடும்பக் காருக்கு முழுக் காப்பு எடுங்கள்.

- முழுக் காப்பிலும் வெள்ளமும் முன்கண்ணாடியும் அடங்காது. இரண்டையும் தனியாகக் கேட்டுச் சேருங்கள்.
- இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் கழிவு உண்டு: முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 55. சிறு கீறலுக்கு இழப்பீடு கேட்டால் இந்தக் கழிவு போய்விடும். பழுதுச் செலவையும் கழிவையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.
- மனைவியோ கணவரோ ஓட்டுவதாக இருந்தால் அவர் பெயரையும் ஓட்டுநராகச் சேருங்கள்.

### பெட்ரோல்

2025 செப்டம்பர் 30 முதல், செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்களுக்குப் புடி95 திட்டத்தில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. வெளிநாட்டவர் மானியமில்லாத விலை கொடுக்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது அது லிட்டருக்கு 2 வெள்ளி 60 காசு. மானியமில்லா விலை வாரந்தோறும் மாறும். உள்ளூர் நண்பர் சொல்லும் பெட்ரோல் செலவை உங்கள் செலவாக எண்ணாதீர்கள். மற்றவரின் அடையாள அட்டையை (மைகார்டு) இரவல் வாங்கி நிரப்பவும் கூடாது.

## பகுதி 5: மாதக் கணக்கு

25,000 வெள்ளிக்குக் கைப்பணத்தில் வாங்கிய 1.3 லிட்டர் பழைய கார். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். 3 ஆண்டு கழித்து 17,000 வெள்ளிக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இவை கணக்குக் காட்ட எடுத்த எண்கள். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

- பெட்ரோல், 67 லிட்டர்: 174 வெள்ளி
- காப்புறுதி, ஆண்டுக்கு 900 என்றால்: 75
- சாலை வரி: 6
- பராமரிப்பு, ஆண்டுக்கு 500 என்றால்: 42
- டயர், பேட்டரிக்கு ஒதுக்கீடு: 32
- டோல், நிறுத்தக் கட்டணம்: 50
- விலை வீழ்ச்சி, 8,000 ஐ 36 ஆல் வகுத்தால்: 222

மொத்தம் மாதம் 601 வெள்ளி. பெட்ரோல் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விலை வீழ்ச்சியை யாரும் மாதாமாதம் கேட்டு வாங்குவதில்லை. விற்கும் நாளில்தான் அது மொத்தமாகத் தெரியும். விலை உயர்ந்த கார் என்றால் அந்த வீழ்ச்சியும் பெரிது.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. சாலை வரி, காப்புறுதித் தேதியைத் தவறவிடுதல். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள்.
2. சம்மனைக் கவனிக்காமல் விடுதல். கேமராவில் பிடித்த சம்மன் உங்களுக்குத் தெரியாமலே நிற்கும். மாதம் ஒருமுறை செயலியில் பாருங்கள், வந்தவுடன் கட்டுங்கள்.
3. டோல் அட்டையில் பணமில்லாமல் சாவடியில் நிற்பது. டச் என் கோ அட்டையில் எப்போதும் 50 வெள்ளியாவது இருக்கட்டும். சிம்பாங் பூலாயிலோ ஈப்போ தெற்கிலோ ஏறும் முன் சரிபாருங்கள்.
4. எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடுதல். கையேட்டில் உள்ள கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள்.

## பாதுகாப்பு

- பின்னிருக்கையிலும் வார்ப்பட்டை கட்டாயம். குழந்தைக்குத் தனி இருக்கை வாங்குங்கள்.
- நெடுஞ்சாலையில் உச்சவேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். கனமழையில் இதை வெகுவாகக் குறையுங்கள். ஈப்போவில் மாலை மழை திடீரென்று கொட்டும். சாலையில் நீர் தேங்கினால் ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம்.
- வலப்பக்கம் திரும்பும் முன்பும் கதவைத் திறக்கும் முன்பும் மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று திரும்பிப் பாருங்கள்.
- சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் காரை நிறுத்தாதீர்கள். 1973 இல் ஈப்போவின் குனோங் செரோவில் பாறை சரிந்து பலர் இறந்தார்கள். மழைநாளில் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம்.
- விபத்து நடந்தால்: வண்டியை நிறுத்துங்கள், காயம்பட்டவருக்கு உதவ 999 அழையுங்கள், இரு வண்டிகளையும் எண் தெரியும்படி படமெடுங்கள், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் பதியுங்கள். இடத்திலேயே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத இழுவை லோரிக்காரரிடம் காரை ஒப்படைக்காதீர்கள்; காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள்.

## திரும்பும்போது

1. புறப்பாட்டுக்கு 3 மாதம் முன்பே காரை விற்பனைக்கு விடுங்கள். கடைசி வாரத்தில் விற்பவரின் அவசரம் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும்.
2. உங்கள் கண்முன்னே பெயர் மாற்றம் முடிய வேண்டும். உங்கள் பெயரில் விட்டுச்சென்ற கார் வாங்கும் ஒவ்வொரு சம்மனும் உங்கள் பெயரில்தான் ஏறும்.
3. வேலையை விட்டு நாட்டைவிட்டுப் போகும் முன் வரித் தீர்வு உண்டு. முதலாளி உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு 30 நாள் முன்பே தெரிவித்து, கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பார். அந்த மாதச் செலவுக்குக் கைப்பணம் ஒதுக்குங்கள்.
4. வீட்டு மீட்டர் எண்களை மறுபடி படமெடுத்து, கடைசிப் பட்டியல்களைக் கட்டி, வைப்புத்தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

இத்தனையும் கேட்டு மலைக்க வேண்டாம். அனுமதி முடியும் தேதிக்குள் அடங்கும் வாடகை, முறையாக எடுத்த உரிமம், 1,600 சி.சி.க்குக் குறைந்த ஒரு கார், முழுக் காப்புறுதி ஆகிய நான்கும் இருந்தால், குனோங் ராபாட்டில் குடும்பத்தோடு நிம்மதியாக வாழலாம். இந்த வாரமே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கடப்பிதழை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள், பகுதி 5 இல் உள்ள கணக்கை உங்கள் எண்களோடு எழுதுங்கள், அதன் பிறகு கார்க் கடைக்குள் காலெடுத்து வையுங்கள்.